வாசல் காப்பவனுக்கும் ஒரு வீடு

வீட்டுக் கடன் வேண்டி எங்கள் கிளைக்கு வரும் மனுக்களோடு வரைபடங்களும் வரும். பூசையறை எங்கே, கார் நிற்குமிடம் எங்கே, நிலத்தடி நீர்த்தொட்டி எங்கே என்பதையெல்லாம் பொறியாளர் கோடு கிழித்துக் காட்டியிருப்பார். துளசி மாடத்துக்குக்கூட ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். இருபது ஆண்டுகளாக இத்தகைய வரைபடங்களைப் புரட்டி வரும் எங்களுக்கு, நாய்க்கென்று இடம் ஒதுக்கிய வரைபடம் ஒன்றேனும் கண்ணில் பட்டதாக நினைவில்லை. புதுமனை புகுவிழா முடிந்த சில மாதங்களில் நாய் வந்துவிடும். அதன் பின்னரே அது எங்கே படுக்கும் என்ற கேள்வி எழும். மாடிப்படியின் கீழோ, கழிவுநீர்த் தொட்டியின் மூடி மேலோ ஒரு தகரப் பெட்டி வைக்கப்படும். இரவெல்லாம் வீட்டைக் காக்கும் உயிருக்கு, வீட்டில் மிஞ்சிய மூலை கிடைக்கும்.

இதைச் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு தகுதி உண்டு. அதே தவற்றை நாங்களும் செய்தோம்.

பணிமாற்றங்களில் ஊர் ஊராகச் சுற்றிய பின், பூதிகோட்டையில் உள்ள குடும்ப வீட்டுக்குத் திரும்பியபோது, வீரன் என்ற நாட்டு நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. நகரத்துக் கடையொன்றில் ஆயத்தமாக விற்ற கூண்டு ஒன்றை வாங்கி வந்தோம். ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை, முகப்பில் ஓர் எலும்புத் துண்டின் படம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஏப்ரல் மாதத்தில் வீரன் அதற்குள் நுழைய மறுத்தது. அக்டோபர் மழையில் கூரையின் திருகாணித் துளைகள் வழியே நீர் இறங்கிப் பலகை உப்பியது. உப்பிய பலகை ஏடு ஏடாகப் பிரிந்தது. அந்த ஏடுகளின் இடுக்கில் உண்ணி குடியேறியது. நாயின் உடம்பிலிருந்து உண்ணியைப் பிடுங்கினோம், மருந்திட்டுக் குளிப்பாட்டினோம். பத்து நாட்களில் மீண்டும் வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வீரன் உணவை மறுத்துப் படுத்தது. ஈறுகள் வெளுத்திருந்தன, மூக்கில் இரத்தம் கசிந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று கால்நடை மருத்துவர் கூறினார். நாங்கள் அழைத்துச் சென்றதற்குள் காலம் கடந்துவிட்டது. நான்காம் நாள் வீரன் இறந்தது.

இப்போது எங்கள் வாசலில் இருப்பது செவலை. அதற்காக நாங்கள் கட்டிய கூண்டைப் பற்றியே இக்கட்டுரை. கூண்டு என்ற சொல் எங்களுக்கு உவப்பில்லை. அடைத்து வைப்பது என்ற பொருள் அதில் ஒலிக்கிறது. ஆயினும் மக்கள் வழக்கில் உள்ள சொல் அதுவே என்பதால் அதையே கையாள்கிறோம்.

கட்டத் தொடங்குமுன் ஊரின் வானிலையை நினைவில் கொள்ள வேண்டும். பூதிகோட்டையும் தங்கவயலும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில், இரண்டு பருவமழைகளும் எட்டிப் பார்க்கும் மேட்டுநிலத்தில் உள்ளன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து ஓயாத காற்று வீசும். மழை சாரலாக வரும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் கிழக்கிலிருந்து அடைமழை பிடிக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் போர்வை இல்லாமல் திண்ணையில் படுக்க இயலாது. மார்ச் முதல் மே வரை வெயில். ஆண்டு முழுவதும் ஒரே குணமுள்ள ஊராக இருந்தால் கூண்டு கட்டுவது எளிது. நம் ஊரில் ஒரே கூண்டு குளிருக்கு மூடியும், வெயிலுக்குத் திறந்தும், மேற்கிலும் கிழக்கிலும் மழைக்குப் புறங்காட்டியும் நிற்க வேண்டும்.

ஆகவே வாசல் எத்திசை நோக்க வேண்டும் என்பதே முதற்கேள்வி. மேற்கும் கிழக்கும் மழைத் திசைகளாதலால் விலக்கப்பட்டன. எஞ்சியவை வடக்கும் தெற்கும். இங்கே வானியல் நமக்கு உதவுகிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 13 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழி, தை மாதங்களில் தெற்கே வெகுவாகச் சாய்ந்திருக்கும். தெற்கு நோக்கிய வாசலில் கோடை நண்பகலின் வெயில் நுழையாது, குளிர்கால வெயில் உள்ளே படுக்கை வரை வரும். தெற்கு வாசல் ஆகாது என்று வாஸ்து பார்க்கும் உறவினர் ஒருவர் தடுத்தார். நாய்க்கு வாஸ்து கிடையாது என்று கூறி அவரை அமைதிப்படுத்தினோம். உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பகுதிகளில் சயனைடு மேடுகளுக்கு அருகே குடியிருப்போருக்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றுக்காலத்தில் அம்மேடுகளின் நுண்மணல் எழுந்து பறக்கும். வாசலைக் காற்றுக்கு எதிராக வைத்தால் நாயின் படுக்கையிலும் நீர்க்கிண்ணத்திலும் அதுவே படியும்.

இடம் மரநிழலாக இருப்பது நலம். எங்கள் வீட்டில் புங்கமரத்தின் கிழக்கே கட்டினோம்; பிற்பகல் வெயிலை மரம் தாங்கிக்கொள்கிறது. தென்னை மரத்தடியைத் தவிர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. தெருவாயிலும் வீட்டு வாசலும் ஒருசேரத் தெரியும் இடமாகவும் இருக்க வேண்டும். வீட்டார் கண்ணில் படாத கொல்லைப்புறத்தில் நாயை வைத்தால் அது ஓயாமல் குரைக்கும், இல்லையேல் கூண்டைத் துறந்து வாசற்படிக்கு வந்துவிடும்.

அடுத்து அளவு. பெரிதாகக் கட்டுவதே அன்பு என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அது பிழை. குளிர்காலத்தில் கூண்டைச் சூடாக்குவது நாயின் உடற்சூடு ஒன்றே. அளவுக்கு மீறிய அறையில் அச்சூடு கரைந்துவிடும். குறுகலாக இருந்தாலோ நாய் திரும்பிப் படுக்க இயலாது. அளவெடுக்க எளிய வழி உண்டு. நாயை நிற்க வைத்து மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை அளக்க வேண்டும். உட்கார வைத்துத் தரையிலிருந்து உச்சந்தலை வரை அளக்க வேண்டும். இவ்விரண்டோடும் கால் பங்கு கூட்டினால் உள்நீளமும் உள்ளுயரமும் கிடைக்கும். செவலை மூக்கிலிருந்து வாலடி வரை 34 அங்குலம், உட்கார்ந்த உயரம் 28 அங்குலம். கால் பங்கு கூட்டினால் நீளம் 42½, உயரம் 35. கணக்கை முழுமையாக்கி 4 அடி நீளம், 3 அடி அகலம், பின்சுவர் 3 அடி, முன்சுவர் 3½ அடி என்று முடிவு செய்தோம். ராஜபாளையம், கோம்பை போன்ற பெரிய இனங்களை வளர்ப்போர் தம் நாயையே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். குட்டியாக இருந்தால் அதன் தாய் தந்தையரின் அளவைக் கேட்டறிவது நன்று. ஆறு மாதக் குட்டிக்குக் கட்டிய கூண்டு, ஓராண்டில் பள்ளிச் சீருடை போலச் சிறுத்துவிடும்.

வேலை தொடங்கிய நாளில் மேஸ்திரி எங்களைப் பார்த்த பார்வை மறக்கத்தக்கதன்று.

“நாய்க்கு எதுக்கு சார் பேஸ்மட்டம்? நாலு கல்ல வெச்சு மேல சீட்டு போட்டா ஆச்சு.”

பேஸ்மட்டமே இக்கட்டடத்தின் உயிர் என்று நாங்கள் விளக்க வேண்டியிருந்தது. மழைநீர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து ஏறுவதே மிகுதி. செம்மண் தரையில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும்; அதன்மேல் படுக்கும் நாய்க்கு மூட்டு வலியும் தோல் நோயும் வரும். கால்கள் வைத்துத் தூக்கிய கூண்டுகளும் உண்டு. ஆனால் தரைக்கும் அடிப்பலகைக்கும் இடையே நான்கைந்து அங்குல இடைவெளி விட்டால் அது எலிக்கும், எலியைத் தேடி வரும் பாம்புக்கும் வீடாகிவிடும். கண்ணாடிவிரியன் உலவும் வட்டாரத்தில் இதை அலட்சியம் செய்ய இயலாது. இடைவெளி விட்டால் குனிந்து பார்க்கவும் துடைப்பம் நுழைக்கவும் இயலுமாறு ஓரடியேனும் விட வேண்டும். இல்லையேல் முற்றாக மூடிவிட வேண்டும். நாங்கள் மூடினோம். கோலார் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலிக்குக் கல்தூண், மதிலுக்குக் கல்பலகை, பழைய வீடுகளில் கூரைக்கும் கல்பலகை என்று வாழும் வட்டாரம் இது. முக்காலடி ஆழம் தோண்டிச் சைஸ் கல் பரப்பி, தரைமட்டத்துக்கு மேல் ஒன்பது அங்குலம் எழுப்பி, நடுவே மண் கொட்டி இடித்து, மேலே நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டோம். கான்கிரீட்டுக்கு அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்தோம். தரையீரம் மேலேறாமல் தடுப்பது அதுவே. விலை மிகக் குறைவு, பலர் மறப்பதும் அதையே.

தரை மட்டமாக இருக்கலாகாது. நான்கடி நீளத்தில் ஓரங்குலம் சரிவு வாசற்பக்கமாக வைத்தோம். கழுவிய நீர் தானே வழிந்தோட வேண்டும். ஆனால் வாசலில் சாரல் தெறிக்காமலும் படுக்கை வெளியே சரியாமலும் இருக்க நான்கு அங்குல உயரத்தில் ஒரு தடை வைக்கிறோம். நீர் அங்கே தேங்கிவிடும். ஆகவே தடையின் அடியில் முக்கால் அங்குலக் குழாய்த்துண்டு ஒன்றைப் பதித்து, வெளிமுனையில் கம்பிவலை கட்டினோம். வலை இல்லாவிட்டால் பூரானுக்கு அது இராஜபாட்டை.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். வீரனை நாங்கள் இழந்தது சுவரின் பிழையால்தான்.

உண்ணி நாயின் உடம்பில் வாழ்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாய்க்கு வெளியேதான் கழிக்கிறது. நம் நாட்டு நாய்களைப் பற்றும் பழுப்பு உண்ணி, முட்டையிலிருந்து வெளிவந்ததும் நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்துக் கீழே விழும். எங்கோ ஓர் இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும். மீண்டும் ஏறும், மீண்டும் விழும். வளர்ந்த பின் மூன்றாம் முறை ஏறும். வயிறு நிரம்பிய பெண் உண்ணி இறங்கிச் சுவரில் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடியும். இரத்தமின்றிப் பல மாதங்கள் பட்டினி கிடக்கவும் அதற்கு இயலும். நாய்க்கு மட்டும் மருந்திட்டுவிட்டுக் கூண்டை விட்டுவைப்பது, வரவு வரும் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு நிலுவையைக் கழிப்பதற்கு ஒப்பாகும். எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் உண்ணிக்கடி வழியே இரத்தத்தில் கலப்பதால் வருவதே வீரனைக் கொண்டுபோன காய்ச்சல். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருந்துக்குக் கட்டுப்படும். சோர்வு, பசியின்மை, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எனவே சுவருக்கு நாங்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இடுக்கு இருக்கலாகாது. நாலரை அங்குலச் செங்கற்சுவர் எழுப்பி, உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, உட்புறத்தைக் கரணையால் வழவழப்பாகத் தேய்க்கச் சொன்னோம். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் குழிவாக வளைத்துப் பூசினால் துடைப்பம் முழுவதும் எட்டும். பழைய மருத்துவமனைத் தரைகளில் இதைக் காணலாம். பூச்சு காய்ந்து இரண்டு வாரம் நனைத்த பின் சுண்ணாம்பு இரு கை அடித்தோம். சுண்ணாம்பு மயிரிழை விரிசல்களை நிரப்பிவிடும், வெயிலைத் திருப்பியனுப்பும், மறுபடி அடிக்கச் செலவும் இல்லை. உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும். தெளித்து நன்கு உலரும் வரை நாயை உள்ளே விடலாகாது. மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. அது நாயின் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சு.

காற்றோட்டத்துக்குக் கிழக்கு, மேற்குச் சுவர்களின் உச்சியில் கூரையை ஒட்டி ஒரு செங்கல் அளவுக்கு இரண்டிரண்டு துளைகள் விட்டு வலை பதித்தோம். படுத்திருக்கும் நாயின் மேல் நேரே காற்று அடிக்காமல், வெப்பக்காற்று மட்டும் மேலே வெளியேறும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. காற்று அசையாத அறையில் அந்த இரைப்பு பயன் தராது. கோடையில் உயிருக்கே கேடாக முடியும்.

கூரையில்தான் எங்களுக்கும் மேஸ்திரிக்கும் நெடுநேரம் வாதம் நடந்தது. அவர் கல்பலகையை விரும்பினார். நூறாண்டு நிற்கும் என்றார், உண்மைதான். ஆனால் கல் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்கும். தையில் அது வரம், சித்திரையில் சாபம். வெறும் தகரமோ வெயில் ஏறியதும் கொதிக்கும், பொழுது சாய்ந்ததும் சில்லிடும். தங்கவயலின் லைன் வீடுகளில் தகரக் கூரையின் கீழ் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு வீட்டில் கிடக்கிறதே என்று அதை அறுத்துப் பயன்படுத்தலாகாது. அறுக்கும்போது பறக்கும் இழைத்தூசி அறுப்பவரின் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயாக வெளிப்படும்.

நாங்கள் இரட்டைக் கூரையைத் தேர்ந்தோம். கீழே மெல்லிய சிமெண்ட் பலகை. அதன்மேல் மூன்று அங்குல உயரச் சட்டங்கள். சட்டங்களின் மேல் வெள்ளை வண்ணம் பூசிய தகரம். நடுவே உள்ள இடைவெளியின் இரு முனைகளும் திறந்திருக்க, காற்று அதனூடே போய்வருகிறது. தகரம் எவ்வளவு சுட்டாலும் அச்சூடு கீழ்ப்பலகையைச் சேருமுன் காற்று அள்ளிச் சென்றுவிடும். முன்சுவர் உயர்ந்தும் பின்சுவர் தாழ்ந்தும் இருப்பதால் நீர் பின்னோக்கி வழியும். கூரை மூன்று புறமும் ஒன்பது அங்குலம், வாசற்புறம் ஒன்றேகால் அடி வெளியே நீண்டிருக்கிறது. திருகாணிகளைத் தகரத்தின் மேடான வளைவில், ரப்பர் வளையத்தோடு அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் நீர் ஓடும் வழியிலேயே துளையிட்டவர்களாவோம். வீரனின் கூண்டு ஒழுகியது அவ்விதமே.

இக்கூரையின் மிக முக்கியமான இயல்பு, அது திறக்கும் என்பது. மூன்றடி உயர அறைக்குள் மனிதர் நுழைந்து கழுவ இயலாது; கழுவ இயலாத கூண்டைக் காலப்போக்கில் எவரும் கழுவமாட்டார். முழுக் கூரையையும் ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, பின்சுவரில் கீல்கள் வைத்தோம். டிரங்குப் பெட்டியின் மூடி போல ஒருவரே தூக்கித் திறக்கலாம். இலேசான கூரைக்கு ஒரு குறை உண்டு. ஆடிக்காற்று அதைத் தூக்கிவிடும். ஆகவே முன்சுவரின் இரு முனைகளிலும் கொக்கி போட்டுப் பூட்டியிருக்கிறோம். முதலாண்டு ஒரு கொக்கியே வைத்திருந்தோம். ஜூலை மாதத்தில் ஒரு நள்ளிரவு கூரை படபடத்த ஓசையில் தெருவே விழித்துக்கொண்டது.

வாசல், நாய் சற்றே தலை தாழ்த்தி நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். செவலைக்கு 22 அங்குல உயரம், 14 அங்குல அகலம். முன்சுவரின் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தோம். மறுபக்கம் காற்றும் சாரலும் எட்டாத படுக்கை மூலை அமைந்துவிடுகிறது. கதவு நாய்க்குத் தேவையில்லை. ஆயினும் காட்டோரச் சிற்றூர்களில் சிறுத்தை நாயைத் தேடி வருவது நம் நாட்டில் புதிதன்று. மலையடிவாரங்களில் வசிப்போர் கம்பிக் கதவும் தாழ்ப்பாளும் வைத்து இரவில் பூட்டுவதே தக்கது. மற்றவர்கள் மழைக்காலத்துக்கு மட்டும் சாக்குத் திரை ஒன்றைத் தொங்கவிடலாம்.

செலவுக் கணக்கையும் ஒப்படைக்கிறோம். சுவருக்குச் செங்கல் ஏறக்குறைய 230, சிமெண்ட் மூன்று மூட்டை, எம்-சாண்ட் சிறிது, சைஸ் கல், கூரைப் பொருட்கள், ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் மூன்று நாள் கூலி. எல்லாம் சேர்ந்து அன்றைய விலையில் 12,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஆயத்தக் கூண்டுக்கு நாங்கள் கொடுத்தது 6,500. அது ஈராண்டுகூட நிற்கவில்லை. வணிகவியல் படித்தவர்களாதலால் தேய்மானம் போட்டுப் பார்க்கும் பழக்கம் எங்களை விடுவதில்லை. வீரனின் இறுதி நாட்களில் மருந்துக்கு ஆன செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை; எழுதாமலே விட்டோம்.

வாடகை வீட்டில் குடியிருப்போரும் எங்களைப் போல் பணிமாற்றத்துக்கு ஆளாவோரும் செங்கல் கட்ட இயலாது. அவர்கள் மரத்தில் செய்யலாம். அளவும் திசையும் மேற்கூறியவையே. நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் தைலமரப் பலகை காயும்போது முறுக்கிப் பிளக்கும். பிளவு உண்ணிக்கு வரவேற்பு. சில்வர் ஓக் அல்லது நன்கு உலர்ந்த வேம்பு மேல். சரக்குப் பெட்டிகளின் பைன் மரத்தை வாங்குவோர் அதன்மேல் அச்சிட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பதப்படுத்தியது, அதை விலக்கவும். பழைய இரயில் தண்டவாளக் கட்டைகளும் ஆகா. அவற்றில் ஊறிய கரிய எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய் மரத்தைக் கடிக்கும் இயல்புடையது. எனவே பழைய கதவு, சன்னல்களின் மரத்தைப் பயன்படுத்துவோர் அதன் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது.

படுக்கைக்குச் சாக்கை நான்காக மடித்துப் போடுகிறோம். வாரம் ஒருமுறை கொதிநீரில் நனைத்து வெயிலில் உலர்த்துகிறோம். குளிர்காலத்தில் சாக்கின் அடியில் ராகித் தாள் பரப்பினால் கதகதப்பு மிகும். ஆனால் நனைந்த தாள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மழைமாதங்களில் அதை எடுத்துவிட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, நம் மாநிலத்து முதோல் ஆகிய வேட்டை இனங்களுக்கு உடலில் கொழுப்பும் மயிரும் குறைவு. அஞ்சல் துறை 2005இல் நாய் இனங்களுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளில் முதோலும் ராஜபாளையமும் இடம்பெற்றன. அத்தலைகளின் மெலிந்த உருவங்களைப் பார்த்தாலே அவற்றுக்குப் படுக்கை தடிமனாக வேண்டும் என்பது விளங்கும். நாட்டு நாய்கள் குளிருக்குச் சாம்பற்குவியலில் சுருண்டு கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சாம்பல் உலர்ந்தது, மெத்தென்றது, அடுப்பின் சூட்டைச் சற்று நேரம் தாங்குவது. பூதி என்றாலே சாம்பல்தான். ஹைதர் அலி பிறந்த இடம் என்று வரலாறு குறிக்கும் எங்கள் ஊரின் பெயரிலேயே நாய்க்குகந்த படுக்கை இருக்கிறது என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

கூண்டு முடிந்த அன்றே நாய் குடிபுகும் என்று எதிர்பார்க்கலாகாது. செவலை ஒன்பது நாட்கள் வெளியிலிருந்தே அதை முகர்ந்தது. சோற்றுத்தட்டை முதலில் வாசலருகிலும் பின்னர் உள்ளேயும் வைத்தோம். எங்கள் பழைய வேட்டி ஒன்றைப் படுக்கையில் விரித்தோம். பழகிய மணம் துணையாயிற்று. பிடித்துத் தள்ளினாலோ, தவறு செய்ததற்குத் தண்டனையாக உள்ளே அடைத்தாலோ, நாய் அவ்விடத்தைச் சிறையாகவே கருதும்.

சங்கிலியைக் கூண்டுக்குள் கட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். தடையிலும் கீலிலும் சுற்றிக் கழுத்து இறுகிவிடும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உலவ விடாதிருப்பதையும், போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதிருப்பதையும் குற்றங்களாகவே குறிக்கிறது. நாய் வளர்ப்போரில் இதை அறிந்தவர் மிகச் சிலர்.

ஆண்டுக்கு இருமுறை, மே மாதக் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், கூரையைத் திறந்து உள்ளே கழுவி, விரிசல் இருந்தால் சிமெண்டால் அடைத்து, சுண்ணாம்பு ஒரு கை அடிக்கிறோம். திருகாணிகளின் ரப்பர் வளையங்களைப் பார்த்து மாற்றுகிறோம். அரை நாள் வேலை. அந்த அரை நாளில் செவலை சற்றுத் தள்ளிப் புங்கமரத்தடியில் அமர்ந்து, வேலையை மேற்பார்வையிடும் பொறியாளரைப் போல எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.